கையேட்டுக்கான கருவியை அடுத்த பதிப்பை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழ் இதழ்களில் இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த மென்பொருள்களுக்கான கையேடுகளை யார், எதைக் கொண்டு, எப்படிக் கூடி எழுதுவது என்ற பேச்சு அநேகமாக வருவதே இல்லை. ஆர்வத்தோடு ஒன்றுசேரும் குழுக்கள், இருப்பவர்களில் யாருக்கு எது பழக்கமோ அந்தக் கருவியை முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்துவிடுகின்றன. முதல் வரைவு முடியும்வரை எந்தக் குறையும் தெரியாது. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து, பாதி மெனுக்கள் இடம் மாறி, கையேட்டைத் திருத்த உட்காரும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த நாளைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் இறங்க நினைக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எழுதப்போகிறவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு மென்பொருளின் கையேட்டை நன்றாக எழுதக்கூடியவர் பெரும்பாலும் அதை நாள்தோறும் பயன்படுத்துகிறவர். கோப்புகளில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லிப்ரெஆபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பின் பயனர் கையேடுகள் அதன் சொற்செயலியான ரைட்டரிலேயே எழுதப்படுகின்றன. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவான வார்ப்புரு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஆவணங்களோ நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் (கிட் கண்காணிக்கும் கோப்புத் தொகுப்பில்) எளிய உரைக்கோப்புகளாக இருக்கின்றன. 2016இல் டாக்புக் என்ற எக்ஸ்.எம்.எல். வடிவத்தை விட்டு, உரைக்கோப்புகளிலிருந்து இணையப் பக்கமும் பி.டி.எஃப்.பும் உருவாக்கும் ஸ்பிங்க்ஸுக்கு மாறத் தொடங்கின. இரண்டுமே சரியான முடிவுகள்தான். எழுதுகிற ஆட்கள் வேறு, அதனால் கருவியும் வேறு.

ரைட்டரில் எழுதுவது என்று முடிவெடுத்தால் சில கட்டுப்பாடுகளை முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். ரைட்டரின் ஓ.டி.டி. கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே எக்ஸ்.எம்.எல். கோப்புகளும் படங்களும் இருக்கும். அதை கிட் களஞ்சியத்தில் போட்டால் கோப்பு மாறியிருக்கிறது என்று மட்டும் கிட் சொல்லும், எந்த வரி மாறியது என்று சொல்லாது. ஒரே அத்தியாயத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்திவிட்டால் அந்த இரண்டையும் இணைக்க அதனால் முடியாது; ஒருவருடைய உழைப்பு வீணாகும். ஆகவே ஓர் அத்தியாயம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அது யார் கையில் என்பது எல்லோரும் பார்க்கிற ஓர் அட்டவணையில் இருக்க வேண்டும். மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கிவிட்டுத்தான் மற்றவர் எழுத்தில் கைவைக்க வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி அளவைக் கூட்டுவது கூடவே கூடாது. தலைப்புக்கென்று உள்ள பாணிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒருவர் மட்டும் கையால் வடிவமைத்திருந்தால்கூட, அத்தியாயங்களை மாஸ்டர் ஆவணத்தில் சேர்க்கும்போது அவருடைய தலைப்புகள் பொருளடக்கத்தில் வராது. அச்சுக்குப் போகிற நாளில் இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

பலர் ஒரே பக்கத்தில் நேரலையாகத் தட்டச்சு செய்ய ஈதர்பேட், ஹெட்ஜ்டாக் போன்றவை இருக்கின்றன. ஈதர்பேட்டை உருவாக்கிய நிறுவனத்தை 2009இல் கூகுள் வாங்கியது. அதே ஆண்டு இறுதியில் அதன் நிரல் திறமூலமாக வெளியானதால்தான், மூலச் சேவை மூடப்பட்ட பிறகும் இன்றுவரை எவரும் தங்கள் சர்வரில் அதை நிறுவிக்கொள்ள முடிகிறது. முதல் வரைவுக்கு இவற்றைவிட நல்ல கருவி இல்லை. ஃப்ளாஸ் மேனுவல்ஸ் அமைப்பு பரவலாக்கிய புக் ஸ்பிரிண்ட் முறையில் சில நாட்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு முழுக் கையேட்டையே முடித்துவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு நேரலைத் திருத்தம் கைகொடுக்கும். ஆனால் யார் எதைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு அங்கே இடமே இல்லை. வரைவு முடிந்த அன்றே உரையை நிரந்தர இடத்துக்கு மாற்றி, பழைய பக்கத்தின் தலையில் புதிய இடத்தின் முகவரியை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பிரதிகள் தனித்தனியே வளரும். எது சரியானது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெட்ஜ்டாக்கில் எழுதுவதே எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் என்பதால் இந்த மாற்றம் எளிது.

விக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புதியவர் உடனே உள்ளே வர விக்கிபோல வேறில்லை. திருத்த வரலாறும் அதில் தெளிவாக இருக்கும். அதன் பலவீனம் பதிப்பு. மென்பொருளின் 3.0, 4.0 இரண்டும் புழக்கத்தில் இருக்கும்போது, ஒரே பக்கத்தில் இரண்டுக்கும் விளக்கம் எழுத நேர்ந்து, "பழைய பதிப்பில் இப்படி, புதியதில் அப்படி" என்ற குறிப்புகள் பெருகிப் பக்கமே படிக்க முடியாததாகிவிடும். பதிப்புக்கு ஒரு விக்கி வைப்பதும் நடைமுறையில் தாக்குப்பிடிக்காது. அடிக்கடி பதிப்பு வெளியிடும் மென்பொருளுக்கு விக்கியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எஞ்சியது எளிய உரைக்கோப்பும் கிட்டும். நிரலையும் கையேட்டையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தால் புதிய வசதியும் அதற்கான விளக்கமும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) வரும்; விளக்கம் இல்லாவிட்டால் சரிபார்ப்பவர் நிறுத்திவைக்கலாம். எழுத்தாளர்கள் அதிகமாகவும் நிரலாளர்கள் குறைவாகவும் இருந்தால் தனிக் களஞ்சியமே நல்லது. நிரலின் சோதனைகள் ஓடி முடிய அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் போகிறவர்கள் தவறாமல் பின்பற்ற வேண்டியது ஒன்று: ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். ஒரு பத்தியை முழுவதும் ஒரே நீள வரியாக எழுதினால், ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினாலும் கிட் அந்தப் பத்தி முழுவதையும் நீக்கிப் புதிதாகச் சேர்த்ததாகத்தான் காட்டும். சரிபார்ப்பவர் பத்து வரியையும் மறுபடி படிக்க வேண்டும். வேறொருவர் அதே பத்தியில் இன்னொரு வாக்கியத்தைத் தொட்டிருந்தால், இரண்டு மாற்றங்களையும் கிட்டால் தானாக இணைக்க முடியாத மோதலும் வரும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதினால் மாறிய வாக்கியம் மட்டும் தெரியும், மோதலும் வெகுவாகக் குறையும். வெற்று வரி விடாதவரை வெளியீட்டில் அது ஒரே பத்தியாகத்தான் வரும்.

அடுத்தது குறிமொழி, அதாவது தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றை உரையில் குறிக்கும் முறை. மார்க்டவுன் 2004இல் வந்தது, ஒரு மணி நேரத்தில் கற்கலாம். ஆனால் கையேட்டுக்கு அவசியமான எச்சரிக்கைப் பெட்டி, குறுக்குச் சுட்டு, சிக்கலான அட்டவணை ஆகியவை மூல மார்க்டவுனில் இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. மார்க்டவுனை இணையப் பக்கமாக்கும் கருவிகளை எடுத்துக்கொண்டால், எச்சரிக்கைப் பெட்டிக்கு எம்கேடாக்ஸில் மூன்று வியப்புக்குறி, டாகுசாரஸில் மூன்று முக்காற்புள்ளி, கிட்ஹப்பில் மேற்கோளுக்கான > குறியும் சதுர அடைப்பும். ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் வெறும் உரையாகத் தெரியும். ஆகவே "மார்க்டவுனில் எழுதுகிறோம்" என்று முடிவெடுத்தால் போதாது, எந்தக் கருவியின் மார்க்டவுன் என்றும் முடிவெடுக்க வேண்டும். ஸ்பிங்க்ஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற குறிமொழியில் இவை எல்லாம் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக இருக்கின்றன. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகவே ஸ்பிங்க்ஸ் 2008இல் வந்தது. இடைவெளி ஒன்று பிசகினாலும் பிழை சொல்லும் என்பதால் புதியவர்கள் அதில் திணறுவார்கள். மிஸ்ட் என்ற மார்க்டவுன் வடிவத்தை ஸ்பிங்க்ஸோடு இணைத்தால் எழுதும் எளிமையும் ஸ்பிங்க்ஸின் வலுவும் சேர்ந்து கிடைக்கும். பல பதிப்பு, பல மொழி, நிரலாளர் அல்லாத சில பங்களிப்பாளர்கள் என்று அமைந்த குழுவுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். அச்சுப் புத்தகமே முதன்மை என்றால் ஆஸ்கிடாக் என்ற குறிமொழி பொருந்தும். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் தன் கையேட்டை 2021இல் டாக்புக்கிலிருந்து ஆஸ்கிடாக்குக்கு மாற்றியது. தலைப்பு, குறிப்பு, கட்டளை என்று உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் மூலத்தில் அடையாளம் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய நூலை அப்படி மாற்ற முடிந்தது.

தமிழில் கையேடு எழுதுகிறவர்கள் கருவிகளின் விளம்பரப் பக்கங்களில் காணாத சில சிக்கல்களைச் சந்திக்க நேரும். அவற்றை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வேற்றுமை உருபிலிருந்தே தொடங்கும். "கோப்பு" என்பதைத் தடித்த எழுத்தில் காட்டி, அதோடு ஒட்டி "இல்" என்று எழுதினால் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் அதைக் குறியாக எடுத்துக்கொள்ளாது; உடுக்குறிகள் அப்படியே பக்கத்தில் நிற்கும். குறி முடிந்ததும் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும் என்பது அதன் விதி. பின்சாய்கோடும் இடைவெளியும் போட்டு ஒட்டவைக்கலாம், ஆனால் அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். மெனுப் பெயரை உருபு ஒட்டாமல் தனியே நிறுத்தி, "சேமி என்பதை", "சேமி என்பதில்" என்று எழுதுவதை நடைக்கையேட்டில் விதியாகவே வைத்துவிடலாம். பின்னால் அந்த மெனுப் பெயர் மாறினால் கண்டுபிடித்து மாற்றவும் இதுவே வசதி.

அதைவிடக் கெடுதலானது தலைப்புகளின் முகவரி. ஸ்பிங்க்ஸ் ஒவ்வொரு தலைப்புக்கும் அதன் எழுத்துகளை வைத்தே ஓர் அடையாளத்தை உருவாக்கும். அப்போது ஆங்கில எழுத்துகளைத் தவிர மற்றவற்றை உதறிவிடும். தமிழ்த் தலைப்பில் ஒன்றுமே மிஞ்சாது என்பதால் ஐடி1, ஐடி2 என்று வரிசை எண் கொடுத்துவிடும். எம்கேடாக்ஸும் இயல்புநிலையில் இப்படித்தான், அடிக்கோடும் எண்ணுமாக வரும். நடுவில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தால் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று நகரும். வெளியிலிருந்து யாரோ "நிறுவுதல்" பகுதிக்குக் கொடுத்த இணைப்பு சத்தமில்லாமல் "நீக்குதல்" பகுதிக்குப் போய் நிற்கும். அந்த முகவரி இன்னமும் இருக்கிறது என்பதால் உடைந்த இணைப்புகளைத் தேடும் சோதனையிலும் இது சிக்காது. ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ஆங்கில எழுத்தில் ஒரு நிலையான அடையாளத்தைக் கையால் கொடுத்துவிடுவதே வழி. எம்கேடாக்ஸில் யூனிகோட் எழுத்துகளை விட்டுவைக்கும்படி அமைப்பை மாற்றலாம் என்றாலும், தலைப்பின் சொல்லை மாற்றும் நாளில் அந்த முகவரியும் மாறிவிடும்.

தேடலும் அப்படியே. ஸ்பிங்க்ஸின் உள்ளமைந்த தேடல் சொற்களைப் பிரிக்கும் முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கணக்கில் வருவதில்லை. "கோப்பு" என்ற சொல் க, ப, ப என்று உதிர்ந்துவிடும். தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள் குவியும். மொழிக்கென ஒரு தேடல் வகுப்பை எழுதிச் சேர்க்க ஸ்பிங்க்ஸில் இடமிருக்கிறது. சொல் பிரிக்கும் விதியைப் பைத்தான் பக்கமும் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் எதுவும் கிடைக்காது. எந்தக் கருவியானாலும், முடிவெடுப்பதற்கு முன் பத்து தமிழ்ச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

ஒகர ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வெவ்வேறு விசைப்பலகைகளில் எழுதும் ஐந்து பேர் சேர்ந்தால் இரண்டும் கலந்துவிடும். கண்டுபிடித்து மாற்றும்போது பாதிதான் மாறும். மாற்றம் கிட்டில் பதிவாவதற்கு (கமிட்) முன் எல்லாக் கோப்புகளையும், இவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரலை வைத்துவிட்டால் இது தீரும். ஔகாரக் குறியின் இடத்தில் கொம்பும் ளகரமும் போட்டு எழுதும் பழக்கத்தை அந்த நிரல் சரிசெய்யாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், சிறுகோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வைத்தால் கிட் இயல்புநிலையில் அவற்றை எண்களின் கோவையாகத்தான் காட்டும்.

பி.டி.எஃப். எடுக்கும்போது தமிழ் எழுத்துகள் வராமல் பிழை காட்டினால், பின்னணியில் ஓடுவது யூனிகோடை முழுமையாக ஏற்காத பி.டி.எஃப்.லாடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்பிங்க்ஸின் அமைப்புக்கோப்பில் லாடெக் எஞ்சினை ஸீலாடெக் என்று மாற்றி, நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். கட்டளைப் பெட்டிகளுக்குத் தனி எழுத்துரு என்பதால் அங்கே தமிழில் எழுதிய குறிப்புகள் கட்டம் கட்டமாக வரலாம். டெஜாவு மோனோ எழுத்துருவில் தமிழ் இல்லை. எச்.டி.எம்.எல். பக்கத்திலிருந்து பி.டி.எஃப். எடுக்கும் வீஸிபிரிண்ட்டும் தமிழை ஒழுங்காக அடுக்கும்.

மொழிபெயர்ப்பு எப்போதாவது வரும் என்றால்கூட அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிங்க்ஸ் உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து கெட்டெக்ஸ்ட் எனும் மொழிபெயர்ப்புக் கோப்புகளாகத் தரும். அவற்றை வெப்லேட் என்ற இணையக் கருவியில் ஏற்றினால் கிட் தெரியாதவர்கள் உலாவியிலேயே மொழிபெயர்க்கலாம். மூலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும் அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். மறுபடி ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை வெளியீட்டில் அந்தப் பத்தி மூல மொழியிலேயே நிற்கும். அதனால் மூலத்தில் பத்திகளைச் சிறிதாக வையுங்கள். பதிப்பு வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தாவது மூல உரையைத் தொடாதீர்கள். அழகுக்காகச் செய்யும் திருத்தம்கூட எல்லா மொழிக் குழுக்களுக்கும் வேலை வைக்கும்.

படங்களில்தான் களஞ்சியம் வீங்கும். கிட் பழைய படங்களை விடாமல் வைத்திருக்கும். 400 கிலோபைட் அளவுள்ள 30 திரைப்பிடிப்புகளை ஐந்து பதிப்புகளுக்கு மாற்றினால் ஏறக்குறைய 60 மெகாபைட், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அவ்வளவையும் இறக்கியாக வேண்டும். முழுத் திரையைப் பிடிக்காமல் தேவையான பெட்டியை மட்டும் வெட்டி எடுங்கள். வரைபடங்களைக் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. வடிவத்தில் வையுங்கள். படத்தின் மேல் சொற்களை எழுத வேண்டாம், எண் மட்டும் போட்டு விளக்கத்தை உரையில் தாருங்கள். மொழிபெயர்ப்பவர் படத்தைத் திரும்ப வரைய வேண்டியிருக்காது. சொற்களாலேயே விளங்கும் படிக்குப் படமே தேவையில்லை.

உரிமத்தை முதல் வரி எழுதும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். பிற்பாடு மாற்ற நினைத்தால், எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அவர்களில் சிலரை அப்போது தொடர்புகொள்ளவே முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸின் பை-எஸ்ஏ 4.0 (எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரச் சொல்வது) பெரும்பாலான கையேடுகளுக்குப் பொருந்தும். 2015 முதல் அந்த உரிமத்தில் உள்ளதை மென்பொருள் உரிமமான ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பில் உள்ள படைப்புக்குள் எடுத்துச்செல்லலாம், திரும்பக் கொண்டுவர முடியாது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தை நல்லெண்ணத்தில் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அந்தக் கையேட்டைத் தம் முதன்மைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. குனூ ஆவண உரிமத்திலும் மாற்றக்கூடாத பகுதிகள் என்று எதையும் குறிக்காதீர்கள். அப்படிக் குறித்தவை கட்டற்றவை ஆகா என்று டெபியன் 2006இல் வாக்கெடுத்து முடிவுசெய்தது. கையேட்டில் வரும் நிரல் துண்டுகளுக்கு எம்.ஐ.டி. போன்ற தளர்வான உரிமத்தைத் தனியே கொடுங்கள். வாசகர் அவற்றைத் தன் நிரலில் ஒட்டும்போது தயங்க வேண்டியிருக்காது.

கடைசியாக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் முழு நூலையும் அதில் கொட்டுவதற்கு முன் ஓர் அத்தியாயத்தை வைத்துச் சோதியுங்கள். அதில் நான்கு நெடுவரிசை கொண்ட ஓர் அட்டவணை, உள்ளடுக்கோடு ஓர் எண்வரிசை, தமிழ்க் குறிப்போடு ஒரு கட்டளைப் பெட்டி, ஓர் எச்சரிக்கைப் பெட்டி, வேறோர் அத்தியாயத்துக்கு ஒரு குறுக்குச் சுட்டு, இரண்டு படங்கள் இருக்கட்டும். இரண்டு பேர் ஒரே பத்தியை வேண்டுமென்றே ஒரே நேரத்தில் திருத்தி, மோதலைத் தீர்த்துப் பார்க்கட்டும். இணையப் பக்கத்தையும் பி.டி.எஃப்.பையும் எடுத்து, எச்சரிக்கைகள் வந்தால் வெளியீடே நின்றுவிடும்படி அமையுங்கள். பிறகு ஆவணங்களின் வடிவத்தை மாற்றும் பாண்டாக் கருவியைக் கொண்டு அந்த அத்தியாயத்தை வேறொரு வடிவத்துக்கு மாற்றுங்கள். அட்டவணையில் இணைத்த கட்டங்களும் குறுக்குச் சுட்டுகளும் எந்த அளவுக்குத் தப்புகின்றன என்பதில், நாளை இந்தக் கருவியைக் கைவிட நேர்ந்தால் எவ்வளவு இழப்பு என்பது தெரிந்துவிடும். இவ்வளவும் முடிந்த பிறகு, குழுவில் கிட்டே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, யாரும் பக்கத்தில் நிற்காமல் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் அவரால் முடியவில்லை என்றால், கருவியை மாற்றுங்கள். அல்லது அவருடைய திருத்தங்களை மின்னஞ்சலில் வாங்கிச் சேர்க்க ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் ஆவணப் பணியில் உள்ள வாசகர்கள்